வற்றிய குளத்தில் இரண்டு முக்குளிப்பான்கள்

கொக்கு எண்ணுகிற வேலை என்றால் எல்லோரும் சிரிக்கிறார்கள். கொக்கு வராத நாளில் தாளில் என்ன எழுதுவது என்று கவலைப்பட்டவர்களுக்குத்தான் இந்தத் தொழிலின் கஷ்டம் தெரியும்.

மாதாமாதம் ஏதாவதொரு கந்தோருக்குப் படிவம் நிரப்பி அனுப்புகிறவரா நீங்கள்? அனுப்பி முடித்து பஸ்ஸில் ஏறிய பிறகு, மூன்றாவது வரியில் ஓர் இலக்கம் பிழையோ என்று இறங்கித் திரும்பிப் போக நினைத்ததுண்டா? அப்படியானால் நீங்கள் என் இனம். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் நெடுங்காலம் ஒரு பத்திரிகையின் சிறுவர் பக்கத்தைப் பார்த்து வந்தவள். அந்தப் பக்கம் நின்றபின் கிளிநொச்சியில் வீட்டோடு இருந்தேன். அப்போதுதான் ஜேர்மனி, ஒஸ்ரியா, சுவிஸ் ஆகிய ஜேர்மன் மொழி பேசும் நாடுகளின் சூழலியல் அறிஞர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சங்கத்துக்கு வன்னியில் ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர்கள் நாடுகளில் முன்பு வற்றாத சிறு குளங்கள் இப்போது கோடையில் வற்றத் தொடங்கியிருக்கின்றன. வருடந்தோறும் வற்றி வருடந்தோறும் நிரம்புகிற எங்கள் குளங்களில் பறவைகள் என்ன செய்கின்றன என்று அறிய அவர்கள் விரும்பினார்கள். மூன்று சிறு குளங்கள். குளத்துக்கு ஒரு பதிவாளர். மாதத்தில் ஒருநாள், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை ஒரே இடத்தில் இருந்து எண்ண வேண்டும். தாள்களைச் சேர்த்து, ஒவ்வொன்றின் அடியிலும் "சரிபார்க்கப்பட்டது" என்று கையொப்பமிட்டு, ஆங்கிலத்தில் மாற்றி அனுப்புவது என் வேலை.

என்ன தருகிற சங்கம்?

முதல் கூட்டத்தை ஸ்கந்தபுரத்தில் வைத்தோம். சங்கம் என்ற சொல்லைக் கேட்டதும் சனம் கூடிவிட்டது. எங்கள் பக்கத்தில் சங்கம் வந்தால் ஏதாவது தரும். கோழிக்குஞ்சு தரும், தையல் இயந்திரம் தரும், குறைந்தது ஒரு தொப்பியாவது தரும். நான் இரண்டு நாட்களாக எழுதிப் பாடமாக்கிய விளக்கத்தைச் சொன்னேன். இது அறிஞர்களின் சங்கம். சூழலியல் என்கிற படிப்பை வளர்ப்பதே இதன் நோக்கம். உயிரினங்கள் எங்கே, எப்படி, எதை நம்பி வாழ்கின்றன என்று ஆராய்கிறவர்கள். பதிவாளருக்குச் சிறு கொடுப்பனவு உண்டு. ஊருக்கென்று வேறு எதுவும் இல்லை.

ஒவ்வொருவராக எழும்பிப் போனார்கள். கடைசியில் கந்தசாமி அண்ணை மட்டும் கதிரையில் இருந்தார். அவருடைய தகப்பன் நீர்ப்பாசனத் திட்டம் வந்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர். அண்ணைக்கு இப்போது மூன்று ஏக்கர் வயல். வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணி குடியாமல் வாசல் படலையைத் தாண்ட முடியாது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தார்.

"ஒண்டும் தராமல் கேள்வி மட்டும் கேக்கிற சங்கம் எண்டால், அது உண்மையாவே படிச்ச ஆக்களின்ர சங்கந்தான். என்ர பேரை எழுதுங்கோ, தங்கச்சி."

பனைக்கு அங்கால

உடையார்கட்டுப் பக்கத்துக் குளத்துக்குப் பதிவாளர் செல்வராணி. அவளுடைய குடும்பம் மலையகத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்தது. நாற்று நடவும் தெரியும், களை பிடுங்கவும் தெரியும். பறவைகளின் பெயர்களை ஒரே கிழமையில் பாடமாக்கிவிட்டாள். அவள் எண்ண வேண்டிய எல்லையாகக் கரையில் நின்ற ஒற்றைப் பனையைக் குறித்துக் கொடுத்திருந்தோம்.

மூன்றாம் மாதம் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, மோட்டார் சைக்கிள்ல ரெண்டு பேர் வந்து நிக்கிறாங்க. இந்தப் பைனாகுலர் ஏன்னு கேக்கிறாங்க." போர் முடிந்தும் கண்காணிப்பு முடியாத வன்னியில் ஒரு பெண் விடியக் காலையில் அணைக்கட்டில் இருந்து பைனாகுலரால் பார்க்கிறாள் என்றால் யார் வருவார்கள், என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிளிநொச்சியிலிருந்து பஸ்ஸில் போகிற வழியெல்லாம் கடிதங்களை எடுத்து எடுத்துப் பார்த்தேன். பிரதேச செயலகத்துக்கு அறிவித்த கடிதம், கிராம அலுவலரின் கடிதம், சங்கத்தின் கடிதம். ஒரு கடிதத்தில் குளத்தின் பெயர் இல்லை என்பதைப் பாதி வழியில்தான் கண்டேன். அதற்குப் பிறகு வெளியே பார்க்கவே தோன்றவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது வந்தவர்களில் ஒருவர் கைபேசியோடு நின்றார். மற்றவர் அணைக்கட்டில் சம்மணமிட்டு, பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமல் இருந்தார். செல்வராணி பக்கத்தில் தாளோடு நின்றாள். அவர் கையை நீட்டி, "அந்தா, ரெண்டு நாரை நிக்குது. அத ஏன் எழுத இல்ல?" என்று கண்டிப்பாகக் கேட்டார். அவர் கையில் எங்கள் பைனாகுலர். என் கையில் குறைபாடான கடிதம். எதைக் கேட்டாலும் ஓமென்று எழுதிவிடு என்று நான் கண்ணால் சாடை காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

"அது பனைக்கு அங்கால, சேர். பனைக்கு இங்கால நிக்கிறதைத்தான் நான் எழுதலாம்."

சிவப்பு நட்சத்திரம்

சிறுவர் பக்கத்தில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எல்லாக் கட்டங்களையும் ஒழுங்காக நிரப்பி அனுப்புகிற பிள்ளையின் தாளில் சிவப்புப் பேனையால் ஒரு நட்சத்திரம் கீறுவேன். கை அந்தப் பழக்கத்தை மறக்கவில்லை. கந்தசாமி அண்ணையின் தாள் வந்தது. ஒவ்வொரு பறவைக்கும் எதிரே ஓர் இலக்கம். ஒன்று, இரண்டு, நான்கு. அடித்தல் திருத்தல் இல்லை. நட்சத்திரம் கீறினேன். அதோடு நின்றிருக்கலாம். அந்தத் தாளைப் போட்டோப்பிரதி எடுத்து மற்ற இரண்டு பேருக்கும் மாதிரியாகக் கொடுத்தேன். கண்டாவளைக் குளத்தைப் பார்க்கிற தவமணி அக்கா அதைச் சுவரில் ஒட்டி வைத்தா. இரண்டு மாதத்தில் அவவின் தாளும் நிறைந்து வரத் தொடங்கியது. அவவுக்கும் நட்சத்திரம்.

செல்வராணியின் தாளில் மட்டும் வரிக்கு வரி பூச்சியம். ஒருமுறை ஓரத்தில், "இன்னும் கவனமாகப் பார்க்கவும்" என்று பென்சிலால் எழுதி அனுப்பினேன். அடுத்த முறை கண்டபோது அவள் பஸ் வருகிற வரைக்கும் என்னோடு வந்து நின்றாள். நான் ஏறுகிற நேரத்தில் மெல்லச் சொன்னாள்.

"நானும் கண்ணைத் திறந்துதான் வச்சிருக்கிறேன், அக்கா."

மார்த்தாவின் ஒரு வரி

சங்கத்தின் சார்பில் எங்களோடு தொடர்பில் இருப்பவர் மார்த்தா என்ற ஆராய்ச்சியாளர். ஒஸ்ரியாக்காரி. தொடக்கத்தில் ஒருமுறை இங்கே வந்து மூன்று குளங்களையும் சுற்றிப் பார்த்தவர். பகிடி விட்டுச் சிரிக்க வைக்கத் தெரியாதவர். தெரிந்தாலும் மின்னஞ்சலில் விடமாட்டார்.

இரண்டு வருடத் தாள்கள் சேர்ந்திருந்தன. ஆண்டுக் கூட்டத்துக்கு முன் சங்கத்தின் ஆய்வுக்குழு அவற்றைப் பார்க்கும். தாள்கள் நம்பத்தக்கவை என்றால் வேலை தொடரும். இல்லையென்றால் மூன்று குளங்களையும் மூடிவிட்டு வேறு நாட்டைப் பார்ப்பார்கள். இதை நான் பதிவாளர்களுக்குச் சொல்லியிருந்தேன். எனக்கு நானே நாளுக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டும் இருந்தேன். புரட்டாதியில் ஒரு காலை திறந்த மின்னஞ்சலில் முக்குளிப்பான் பற்றி ஒரு கேள்வி இருந்தது. முக்குளிப்பான் என்பது தண்ணீருக்குள் முங்கி இரை தேடுகிற சின்னப் பறவை. தரையில் அதற்கு ஒழுங்காக நடக்கவும் வராது. இதை நான் சிறுவர் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். மார்த்தா வணக்கம் சொல்லி, சுகம் விசாரித்து, பிறகு கேட்டிருந்தார்.

"கந்தசாமி அவர்களின் ஆவணி மாதத் தாளில் நீர்மட்டம் 'இல்லை' என்று உள்ளது, அதே தாளில் இரண்டு முக்குளிப்பான்கள் உள்ளன. அவை எங்கே முக்குளித்தன?"

வெறும் ஏனம்

அந்தத் தாளின் அடியில் என் கையொப்பம் இருந்தது. நட்சத்திரமும் இருந்தது. உடனே ஸ்கந்தபுரத்துக்குப் போனேன். அண்ணை முற்றத்தில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஆவணியில குளம் வத்தினதுதானே?"

"வெடிச்சுப் போய்க் கிடந்தது. மாடு குறுக்கால நடந்து போனது."

"அப்ப இந்த முக்குளிப்பான்?"

அவர் மண்வெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டுதானே போட்டனான்."

"ரெண்டு நிண்டதோ?"

"நிக்கேல்லை."

குசினிக்குள்ளிருந்து அவருடைய மனைவி, "நான் அப்பவே சொன்னனான், கொக்கைப் போடுங்கோ எண்டு. கொக்கெண்டால் தரையிலயும் நிக்கும்," என்றா. வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். எத்தனை மாதம் இப்படி என்று கேட்டேன். எல்லா மாதமும் இல்லை என்றார். பூச்சியம் வருகிற இடங்களில் மட்டும். ஒன்றோ இரண்டோ, ஒருநாளும் மூன்றுக்கு மேல் போகவில்லையாம். அதை அவர் ஒரு நேர்மையாகவே சொன்னார்.

"அண்ணை, ஏன்?"

"தங்கச்சி, பக்கத்து வீட்டுக்காரி கறி தந்த ஏனத்தையே நாங்கள் வெறுமனே திருப்பிக் குடுக்கிறதில்லை, ஒரு பிடி சீனியெண்டாலும் போட்டுத்தானே குடுக்கிறம். அந்த ஒஸ்ரியா மனிசி அவ்வளவு தூரத்திலயிருந்து மினக்கெட்டு அனுப்பின தாளை எப்பிடி வெறுமனே திருப்பி அனுப்பிறது?"

அண்ணையை முந்தாமல்

அடுத்த நாள் கண்டாவளை. தவமணி அக்காவின் சுவரில் நான் கொடுத்த மாதிரித் தாள் இன்னும் இருந்தது. நான் வாயைத் திறக்கமுன் அவவின் கண் அந்தத் தாளுக்குப் போய் வந்தது. ஒரு வரியில் கேட்டேன், ஒரு வரியில் ஒத்துக்கொண்டா. ஆனால் என்னைத் தேற்றவும் பார்த்தா.

"பயப்பிடாதேங்கோ, நான் அளவோடதான் போட்டனான். அந்தத் தாளில இருந்ததைவிட எப்பவும் ஒண்டு குறைச்சு. கந்தசாமி அண்ணையை முந்தினால் சரியில்லைத்தானே."

பைக்குள் வைத்த பென்சில்

உடையார்கட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு வேண்டாத நினைப்பெல்லாம் வந்தது. மற்ற இருவரும் இல்லாததை எழுதினார்கள் என்றால், இவள் போகாமலே பூச்சியம் எழுதியிருப்பாளோ? சந்தேகம் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் நல்லவர் கெட்டவர் பார்க்காது. செல்வராணி எனக்காகக் காத்திருந்தாள். பைனாகுலர், தாள் வைக்கிற மட்டை, கட்டைப் பென்சில் எல்லாம் ஒரு பைக்குள் இருந்தன.

"என்ன இது?"

"குடுத்துடலாம்னு எடுத்து வச்சேன், அக்கா. என் பூச்சியத்த நீங்க நம்பலயே."

நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் இருவரும் செய்ததை மட்டுமல்ல, நான் செய்ததையும் சொன்னேன். மாதிரித் தாளைக் கொடுத்தவள் நான், கவனமாகப் பார் என்று எழுதியவளும் நான் என்றேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவளுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்துக் காட்டினாள். பூச்சியம் எழுதிய ஒவ்வொரு நாளுக்கும் காற்று எந்தப் பக்கம், மாடு எத்தனை மணிக்கு இறங்கியது, வலை வீச யார் வந்தது என்று சின்னச் சின்ன எழுத்தில் இருந்தது. தாளில் இடமில்லாததால் கொப்பியில் எழுதினாளாம். பையைத் திருப்பி அவளிடம் நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"கூட்டம் முடியட்டும், அக்கா. இவ்வளவையும் அவங்க நம்புவாங்களானு பாத்துட்டுச் சொல்றேன்."

நான்கு கடிதங்கள்

மார்த்தாவுக்குப் பதில் எழுத இருந்தேன். முதல் கடிதத்தில் "தகவல்களில் சிறு கலாசார வேறுபாடுகள்" என்று எழுதினேன். வாசித்துப் பார்த்தேன்; அழகாகத்தான் இருந்தது. அழித்தேன். இரண்டாவதில் முக்குளிப்பான்கள் பறந்து போகும்போது களைத்து இறங்கியிருக்கலாம் என்று எழுதினேன். அதையும் அழித்தேன். மூன்றாவதில் கந்தசாமி அண்ணையின் வயது, அனுபவம், விருந்தோம்பல் எல்லாம் வந்தன, பறவைகள் வரவில்லை. நான்காவது கடிதம் மிகச் சிறியது. இரண்டு குளங்களின் தாள்களில் இல்லாத பறவைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமலே சரிபார்த்ததாகக் கையொப்பமிட்டது நான். மூன்றாம் குளத்தின் தாள்கள் உண்மையானவை. அதன் கொப்பியைப் படமெடுத்து இணைத்திருக்கிறேன்.

அனுப்பிய பிறகு, அந்தச் சிறு கடிதத்தால் மூன்று பேருடைய வேலையையும் நானே முடித்துவிட்டேனோ என்று வீட்டுக்குள் நடந்து திரிந்தேன். மறுநாள் பதில் வந்தது. அதை எத்தனை தரம் வாசித்தும் அதற்குள் கோபம் இருக்கிறதா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"நன்றி. வியாழக்கிழமை ஆய்வுக்குழுக் கூட்டத்தில் பதிவாளர் மூவரும் இருக்க வேண்டும்."

பொதுநோக்கு மண்டபத்தில்

வியாழன் பிற்பகல் பொதுநோக்கு மண்டபத்தில் கணினியின் முன் நான்கு கதிரைகளைப் போட்டோம். கந்தசாமி அண்ணை வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். தவமணி அக்கா கோயிலுக்குப் போய்விட்டு வந்திருந்தா. திரையில் பத்துப் பன்னிரண்டு முகங்கள். அவர்கள் ஜேர்மன் மொழியில் பேச, மார்த்தா ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வசனமும் இப்படி மூன்று படலை தாண்டி வருகிற நேரத்துக்குள் எனக்கு ஒரு வயது கூடியது.

ஒரு முதிய பேராசிரியர் செல்வராணியிடம் கேட்டார். மற்ற இருவரும் இல்லாததை எழுதியிருக்கிறார்கள். உங்கள் பூச்சியங்களை மட்டும் நாங்கள் ஏன் நம்ப வேண்டும்? நான் இதை மெதுமையாக்கித்தான் மொழிபெயர்த்தேன். ஆனால் அவளுக்கு விளங்கிவிட்டது. திரையை நேரே பார்த்துச் சொன்னாள். "எங்கம்மா தோட்டத்தில கொழுந்து எடுத்தவங்க, சேர். நிறை கூடட்டும்னு கூடைக்குள்ள கல்லைப் போட்ட ஆக்களும் இருந்தாங்களாம். ஒருநாள் பிடிபட்டா, அதுக்குப் பிறகு நல்ல கொழுந்தையும் கீழ கொட்டிப் பாத்துத்தான் நிறுப்பாங்களாம். என் கூடையக் கொட்டிப் பாக்கிறது எனக்குப் பிடிக்காது. அதனால நான் கல் போடல."

இதை ஒரு சொல்லும் மெதுமையாக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு அவர்கள் தங்களுக்குள் பேசினார்கள். நெடுநேரம். ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. "தங்கச்சி, அந்தக் கண்ணாடிக்காரர் தலையாட்டுறது ஓமெண்டோ, இல்லையெண்டோ?" என்று கந்தசாமி அண்ணை என் காதுக்குள் கேட்டார். முடிவு வந்தது. ஸ்கந்தபுரம், கண்டாவளைத் தாள்கள் இரண்டு வருடத்துக்கும் தள்ளுபடி. உடையார்கட்டுத் தாள்கள் ஆண்டுக் கூட்டத்துக்குப் போகும். மூன்று குளங்களும் இன்னும் ஒரு வருடம் தொடரலாம். ஆனால் இனி ஒரு பொய்ப் பறவை வந்தாலும் எல்லாம் நிற்கும். கந்தசாமி அண்ணை எழுந்து நின்று, பொதுவாக எல்லா முகங்களையும் பார்த்துக் கைகூப்பினார். செல்வராணி என் காலடியில் கிடந்த பையைத் தானே எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மார்த்தா கடைசியாக ஒன்று சொன்னார்.

"பூச்சியம் வந்தால் நீங்கள் பயப்பட வேண்டாம். அதற்குப் பயப்படுவது எங்கள் வேலை."

மாரி வந்த காலை

கார்த்திகையில் மழை கொட்டியது. எண்ணுகிற நாள் காலை ஏழு மணிக்குக் கந்தசாமி அண்ணை மூச்சு வாங்க அழைத்தார். "தங்கச்சி, சிறகி வந்து இறங்கிக் கிடக்குது! காட்டுத்தாரா! மடைத் துருசடியிலயிருந்து வெள்ளம் வழியிற வான்கட்டு வரைக்கும் தண்ணி தெரியேல்லை. எண்ண எண்ணக் கூடுது. எழுதட்டோ?"

"எழுதுங்கோ அண்ணை."

"எழுதினா நம்புவினமோ? நான் எழுதினா?"

வாறன், அசையாமல் நில்லுங்கோ என்று சொல்லிவிட்டு ஓட்டோ பிடித்து ஓடினேன். அணைக்கட்டில் ஏறியபோது எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. குளம் விளிம்பு முட்ட நிரம்பியிருந்தது. அதில் ஒரு குருவிகூட இல்லை. ஒரு பருந்து தாழப் பறந்ததாம். முழுக் கூட்டமும் ஒரே சத்தத்தில் எழும்பிப் போய்விட்டதாம். அண்ணை தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அதில் மூன்று இலக்கத்தில் ஓர் எண். கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி, கடவுளாணை," என்றார்.

அவரை நம்பினேன். ஆனால் நம்புவதும் சரிபார்ப்பதும் வேறு வேறு. கையொப்பமிட்டால் பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்னவளாவேன். இடாவிட்டால் அவருடைய முதல் உண்மைத் தாளை நானே தள்ளியவளாவேன். பேனையை மூடித் திறந்து, மூடித் திறந்து, கடைசியில் "சரிபார்க்கப்பட்டது" என்ற சொல்லை வெட்டிவிட்டு எழுதினேன்: "ஏழு ஐம்பதுக்கு நான் வந்தபோது ஒன்றும் இல்லை." அதன் கீழ் கையொப்பம் வைத்தேன். அண்ணை கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் தாளை வாங்கி, இரண்டு கையெழுத்தையும் தூரப் பிடித்துப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"நான் எழுதினதும் உண்மை, நீங்கள் எழுதினதும் உண்மை. இனி அவையள் ரெண்டையும் வைச்சுக்கொண்டு யோசிக்கட்டும்."

இத்தனை நாளில் நான் கற்ற சூழலியல் இவ்வளவுதான்: பறவை எந்த நேரமும் பறந்து போகலாம், கையொப்பம் மட்டும் தாளைவிட்டு அசையாது.